பிரேக் அக்கா காலை மடக்கிய நாள்

அந்தக் காருக்கு இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுகிறவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காலடியில். முதல் பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டாவதுதான் தெருவில் பேர் வாங்கியது. கடைசியில் அதை மிதிக்கிறவருக்கும் அதுவே பெயராகிவிட்டது: பிரேக் அக்கா.

வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். இறுக்கிக் கட்டிய சாம்பல் நிற முக்காடு, தட்டையான கான்வாஸ் ஷூ. ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் வெயிலில் ஒரு சாயல் கூடுதலாகக் கறுத்திருக்கும். அந்த வட்டாரத்தில் பல் டாக்டர், காய்கறிக் கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கற்க வந்தால் தனித்தனி நேரம்தான் கொடுப்பார். ஒன்றாக ஏற்றினால் கியர்பாக்ஸுக்கு முன்னால் கல்யாணம் உடைந்துவிடும் என்பது அவர் அனுபவம்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே தன் வீட்டு கேட் உடைந்ததால்தான். கணவர் தையல்காரர். சீருடை மூட்டைகளைக் கொண்டுபோக ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கிய அன்றே கேட்டில் மோதினார். இறங்கி வந்து சாவியை மனைவி கையில் வைத்து, "எனக்கும் இதுக்கும் ஒத்து வராதும்மா" என்றார். மனைவிக்கு ஒத்து வந்தது. மூட்டை கொண்டுபோனவர், பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்து, பிறகு இரண்டாவது பிரேக் பொருத்தி, டிரைவிங் ஸ்கூல் பலகை மாட்டினார்.

சொல்லிக் கொடுப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. லைசென்ஸ் பரீட்சைக்கு முந்தின நாள் ஷூவைக் கழற்றிவிட்டு, இருக்கையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கு உன்னைக் காப்பாற்றக் கால் கிடையாது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் அழுதவர்கள் இருக்கிறார்கள். பல் டாக்டர் இறங்கி ஓடியே போனார்.

இவ்வளவு துணிச்சலான மனுஷிக்கு ஒரே ஒரு குறை. தொழ இடமில்லை.

காலை முதல் இருட்டும் வரை பாடம். மதியத் தொழுகையும் பிற்பகல் தொழுகையும் நடுரோட்டில்தான் வந்து சேரும். ஓட்டக் கற்கிற ஆண்கள் தெருக்கோடிப் பள்ளிவாசலில் காரை நிறுத்தி, "அஞ்சே நிமிஷம்க்கா" என்று இறங்கிப் போய், வரிசையில் நின்று தொழுது, முகம் தெளிந்து வருவார்கள். அக்கா பின் சீட்டுக்கு மாறி, உட்கார்ந்தபடியே தொழுவார். நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதுக்குத் தலையைக் குனிந்தால் முன் சீட்டின் முதுகு நெற்றியில் இடிக்கும். அதனால் கழுத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துக் குனியப் பழகியிருந்தார். இறைவனுக்கு முன்னால் தலை வைக்கும்போதுகூட வளைவில் திரும்புகிற மாதிரி திரும்ப வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர் மனக்குறை.

அந்தப் பள்ளிவாசலுக்கு மாடியில் ஓர் அறை உண்டு. பக்கத்துச் சந்து முடிகிற இடத்தில், நேர் எதிரே, அதற்குப் படிக்கட்டும் கதவும் உண்டு. கதவில் பூட்டு. அக்கா கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோதே பூட்டுதான். கமிட்டிச் செயலாளரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். செயலாளர் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், மரியாதையானவர்.

"அந்த ரூம பொம்பளைங்க தொழத் திறந்து விட்டா என்ன பாய்?"

"அது நம்ம வழக்கத்துல இல்லம்மா. பள்ளிக்குள்ள புதுசா எதையும் சேர்க்கக் கூடாதுன்னு கமிட்டி தீர்மானமே இருக்கு."

அக்கா திரும்பி வந்துவிட்டார்.

பிறகு யாரோ ஒரு நல்ல மனிதர் பள்ளிவாசலுக்கு ஒரு பழைய வேனை அன்பளிப்பாகக் கொடுத்தார். ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோகலாம், முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். ஓட்டத்தான் ஆளில்லை. இமாமே ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. யாரிடம் கற்பது? வட்டாரத்தில் சொல்லித் தருகிறவர் ஒருவர்தான். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள்: காரில் மூன்றாவதாக ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு தையல்காரக் கணவர் தலையில் விழுந்தது. அவர் பின் சீட்டில் சட்டைக் குவியலோடு உட்கார்ந்து பட்டன் தைப்பார்.

"இமாமுக்கே சொல்லிக் குடுக்க நான் ஆகும். இமாம் பின்னாடி நின்னு தொழ ஆகமாட்டேன்" என்றார் அக்கா, அன்று இரவுச் சாப்பாட்டின்போது.

"எனக்கு நூல் வாங்கணும்" என்றார் கணவர். சில பேச்சுகளில் மாட்டாமல் நழுவ அவருக்குத் தெரியும்.

இமாமுக்கு முப்பது சொச்சம் வயது. ஒல்லி. மார்க்கக் கல்வியில் நல்ல தேர்ச்சி, அதைவிட நல்ல குரல். பயான் என்கிற வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில் அவருக்குப் பிடித்த தலைப்பு தஜ்தீத். மார்க்கத்தைப் புதுப்பித்தல் என்று பொருள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மிம்பர் மேடையில் அவர் ஒரு சாண் வளர்ந்துவிடுவார். காரில் ஏறினால் அந்த ஒரு சாணும் குறைந்துவிடும்.

முதல் நாள் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் காலை எடுத்தார். கார் ஒரு குதி குதித்து நின்றது.

"பிஸ்மில்லாஹ் சரி ஹஜ்ரத். கூட கிளட்ச்சும் வேணும்."

பின்னாலிருந்து, "ஸ்ஸ்... ஊசி" என்று ஒரு குரல் வந்தது.

சில வாரங்களில் முன்னால் போகப் பழகிவிட்டார். ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றபோது அக்கா கேட்டார்.

"போன வெள்ளிக்கிழமை தஜ்தீத்னு ஏதோ சொன்னீங்களே, ஸ்பீக்கர்ல பாதிதான் காதுல விழுந்துச்சு. மீதிய இவர்கிட்ட கேட்டா தூங்கிட்டேங்கறார்."

"தூங்கல. கண்ண மூடிக் கேட்டேன்" என்றார் பின் சீட்டுக்காரர்.

இமாமுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒவ்வொரு நூற்றாண்டுத் தொடக்கத்துலயும் மார்க்கத்தப் புதுப்பிக்கிறவர அல்லாஹ் அனுப்புவான்னு நபிமொழி இருக்குக்கா. அவருக்குத்தான் முஜத்தித்னு பேரு."

"புதுப்பிக்கிறதுன்னா, புது மாடல் விடறதா?"

"அய்யோ, நேர் எதிர். மார்க்கம் முழுசா வந்தாச்சு. சேர்க்க ஒண்ணுமில்ல. ஆனா மனுஷங்க அது மேல தங்களோட பழக்கத்த ஏத்திக்கிட்டே போவாங்க. தூசு படியும். சிலத மறந்தே போயிடுவாங்க. அதத் துடைச்சு, முதல்ல எப்படி இருந்துச்சோ அப்படிக் காட்டறவர்தான் முஜத்தித். இல்லாதத கொண்டுவந்து ஒட்டினா அது பித்அத்."

"அப்ப சர்வீஸ் பண்ற வேலை. புது வண்டி வாங்கற வேலை இல்ல."

"கிட்டத்தட்ட" என்றார் இமாம், கொஞ்சம் யோசித்து.

"நூறு வருஷத்துக்கு ஒரே ஒரு ஆள்தானா?"

"பலரா இருக்கலாம்னும் பழைய அறிஞர்கள் சொல்லியிருக்காங்க. சட்டம் படிச்சவங்க, ஆட்சி செய்யறவங்க, ஓதிக் குடுக்கறவங்கன்னு ஒவ்வொரு துறையிலயும்."

"டிரைவிங் சொல்லிக் குடுக்கறவங்க?"

"அந்தப் பட்டியல்ல இல்லக்கா."

"பட்டியலத் துடைச்சுப் பாருங்க. தூசு படிஞ்சிருக்கும்."

பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தது. விளக்கு பச்சையாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

அதற்கு அடுத்த பாடத்தில் அக்கா சுற்றிவளைக்கவில்லை. "பொம்பளைங்க பள்ளிக்கு வந்து தொழறது புதுசா பழசா ஹஜ்ரத்?"

இமாம் கியரைப் பார்த்தார். பிறகு நேர்மையாகவே சொன்னார். "பழசுதான். நபி காலத்துலயே பின் வரிசையில நின்னு தொழுதிருக்காங்க. பள்ளிக்கு வர்றதத் தடுக்காதீங்கன்னும் சொல்லியிருக்கு."

"அப்ப அந்த மாடிக் கதவு?"

கார் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் இமாம் கண்ணாடியில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "அது வந்து... கமிட்டி இருக்குல்லக்கா."

இமாமின் வேலையை வருடா வருடம் நீட்டித்துக் கொடுப்பது கமிட்டிதான். ஊருக்குப் புதியவர், வாடகை வீடு, கைக்குழந்தை. அக்காவுக்கும் அது தெரியும். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களுக்கு ரோடு நல்லாத் தெரியுது ஹஜ்ரத். ஆக்ஸிலேட்டர மிதிக்கத்தான் பயப்படறீங்க."

அன்று இரண்டு தடவை இஞ்சின் அணைந்தது.

பின்னால் எடுப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. ரிவர்ஸ் கியரைப் போட்டாலே கைக்குட்டையைத் தேடுவார். "முதல் காலத்துக்குத் திரும்பணும், திரும்பணும்னு வாரா வாரம் சொல்றீங்க. பத்தடி பின்னால போகச் சொன்னா இப்படி வேர்க்குதே" என்பார் அக்கா. கார் எதையாவது நெருங்கினால் இமாம் "அக்கா!" என்று அலறுவார். அக்கா தன் பிரேக்கை மிதிப்பார். கார் நிற்கும். இப்படியே வாரக்கணக்காக நடந்தது. இமாமின் கால் கற்றுக்கொள்ள வேண்டியதை வாய் கற்றுக்கொண்டது. அதை மூன்று பேருமே கவனிக்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் வந்தது. ரிவர்ஸ் பழக அக்கா தேர்ந்தெடுத்தது பள்ளிவாசலை ஒட்டிய சந்து. இரண்டு பக்கமும் சுவர், போக்குவரத்து கிடையாது. கடைசியில் அந்தப் பூட்டிய கதவு மட்டும்தான். சந்தின் வாயில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஷூவைக் கழற்றினார். காலை மடக்கிச் சப்பணமிட்டார்.

இமாம் அந்த வெறுங்காலையே பார்த்தார். "ஒரு காலயாவது கீழ வைங்கக்கா."

"நாளைக்குப் பக்கத்துல உக்கார்ற ஆபீசர் காலக் குடுப்பாரா? ம், எடுங்க. கதவுக்கு ஒரு ஆள் நிக்கற தூரத்துல நிறுத்தணும்."

கார் பின்னால் போனது. நேராக, நிதானமாக, சுவரில் உரசாமல். அக்காவே மனதுக்குள் மெச்சிக்கொண்டார். பின் சீட்டில் தையல்காரர் ஊசியில் நூல் கோத்தார். நிறுத்த வேண்டிய இடம் வந்தது. நிறுத்துவதற்கு வழக்கமாக என்ன செய்வாரோ அதையே இமாம் செய்தார்.

"அக்கா!"

கார் நிற்கவில்லை. "அக்கா! அக்கா!" என்று இன்னும் அழுத்தமாக இரண்டு தரம் பிரேக் போட்டார். அக்கா மடக்கிய காலைப் பிரிப்பதற்குள், கார் தன் பின்பக்கத்தைக் கதவில் சாய்த்தது. பெரிய மோதல் ஒன்றுமில்லை, ஒரு தள்ளு அவ்வளவுதான். ஆனால் கீல் எல்லாம் துருவேறிப்போன கதவு. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்பக்கமாகப் படுத்துக்கொண்டது.

தூசி அடங்கியதும் இமாம் காரைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நிறுத்தினார்.

"பட்டன் உருண்டு போச்சு" என்றார் தையல்காரர்.

பூனைகூட எட்டிப்பார்க்காத சந்தில் அடுத்த கணம் அத்தனை கூட்டம். செயலாளர் கடையிலிருந்து அப்படியே ஓடிவந்தார். ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருந்த கலர் கார்டு கையிலேயே இருந்தது. வீடு பக்கத்துச் சுவர்தான் என்பதால் அவர் மனைவியும் ஈரக்கையோடு வந்துவிட்டார்.

"யாருக்கும் அடிபடலையே? அல்ஹம்துலில்லாஹ். சரி சரி, யாரும் மேல ஏறாதீங்க, ஒரே தூசு" என்றார் செயலாளர். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் மேலே இருந்தது.

மாடி அறையில் முதலில் தெரிந்தது பெயிண்ட் டப்பாக்கள். அடுக்கடுக்காக, எல்லாம் செயலாளர் கடைச் சரக்கு. அதற்குப் பின்னால் இறக்கை உடைந்த மின்விசிறிகள், சுருட்டி வைத்த ஒரு கம்பளம். அதற்கும் பின்னால், சுவரோரம், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்வதற்கான தண்ணீர்க் குழாய்கள் வரிசையாக இருந்தன. மேலே ஒரு சின்ன ஒலிபெருக்கி. பக்கத்தில் வரிசையாக ஆணிகள். ஆணிகளில், தூசி அப்பி மங்கிப்போன வெள்ளைத் தொழுகை அங்கிகள்.

தையல்காரர் ஒன்றின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "இது ஆம்பளைக்குத் தச்சது இல்ல."

செயலாளரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஓர் ஆணியிலிருந்து அங்கியை எடுத்து உதறினார். கழுத்தோரம் ஒரு நீலப் பூ. "அட, இது என்னுது! கல்யாணமான புதுசுல எங்கம்மா பூ போட்டுக் குடுத்தது. வீடு முழுக்கத் தேடினேனே. என்னங்க, இத்தன நாளா இங்கயா இருந்துச்சு?"

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் கலர் கார்டைப் பார்த்தார். அதில் தன் முகத்துக்குப் பொருத்தமான ஒரு சிவப்பு இருந்திருக்க வேண்டும்.

"கூரை ஒழுகுச்சு" என்றார் கடைசியில். "ஒரு வாரம் வராதீங்க, ரிப்பேர் பண்ணிடறோம்னுதான் சொன்னேன். ரிப்பேரும் பண்ணினோம். அப்புறம் அந்தப் பெயிண்ட்ல மிச்சம் இருந்தத இங்க வச்சேன். கடையிலயும் இடம் பத்தல. அப்படியே... யாரும் கேக்கல. நானே மறந்துட்டேன். சத்தியமா, இதுதான் வழக்கம்னு நானே நம்பிட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதனால் யாருக்கும் கோபப்பட வசதியாக இல்லை.

"சரி, ஆனது ஆச்சு" என்று செயலாளர் தேறிக்கொண்டார். "இப்போதைக்குக் கதவ நிமித்திப் பூட்டிடுவோம். கமிட்டி கூடும்போது பேசிக்கலாம்."

அக்கா படியில் வெறுங்காலோடு நின்றபடி இமாமைப் பார்த்தார். ஷூ இன்னும் காரில்தான் இருந்தது. கமிட்டி கூடும்போது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். இன்னொரு கூரை ஒழுகும். இன்னும் பெயிண்ட் மிஞ்சும்.

இமாம் கீழே இறங்கினார். விழுந்து கிடந்த கதவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கத்தைப் பார்த்தார், கதவைப் புரட்டி மறுபக்கத்தைப் பார்த்தார். எழுந்தபோது மிம்பரில் வளர்கிற அந்த ஒரு சாண் வளர்ந்திருந்தார்.

"பூட்ட முடியாதுங்க."

"ஏன் ஹஜ்ரத், பூட்டுக்கு ஒண்ணும் ஆகலையே."

"கமிட்டி தீர்மானம் என்ன?"

"புதுசா எதையும் சேர்க்கக் கூடாது."

"இங்க பாருங்க. இந்தப் பித்தளைத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு. கதவு செஞ்சப்பவே மரத்தக் குடைஞ்சு வச்சது. உள்ள இருக்கறவங்க போட்டுக்கறதுக்கு. இந்தக் கொண்டியும் பூட்டும் வெளிப்பக்கம், பெயிண்ட் மேல ஸ்குரூ போட்டு மாட்டினது. பள்ளிக்குள்ள புதுசா சேர்த்தது இது ஒண்ணுதான். கதவ இடிச்சது நான். நானே மாட்டறேன். முதல்ல எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டறேன். நீங்க பேசறதக் கமிட்டியில பேசுங்க. என் வேலையப் பத்திப் பேசறதா இருந்தாலும் பேசுங்க."

குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் இஞ்சின் அணையவில்லை.

செயலாளர் குனிந்து கொண்டியைத் தொட்டுப் பார்த்தார். "நம்ம கடையில வித்ததுதான்" என்றார். வியாபாரி அல்லவா, "நல்ல சரக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு கடையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து, கொண்டியை அவரே கழற்றினார். நீலப் பூ அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி பக்கத்திலேயே நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுநாள் பரீட்சை. கம்புகளுக்கு நடுவே பின்னால் எடுத்து, கோட்டுக்கு முன்னால் கச்சிதமாக நிறுத்தினார் இமாம். காலால்தான் நிறுத்தினார். ஆனால் பழக்கம் விடாமல் வாயும், "அக்கா" என்றது.

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். "யாருங்க அக்கா?"

"பிரேக், சார்."

லைசென்ஸ் கிடைத்தது. வேனின் முதல் பயணத்தில் ஏறியவை பெயிண்ட் டப்பாக்கள்தான். இமாமே சந்துக்குள் ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தி, செயலாளர் கடை வாசலில் இறக்கினார். கமிட்டி கூடியது. காரசாரமாகப் பேசினார்கள். செயலாளர் எழுந்து, "அந்த ரூம் முன்னாடி இருந்ததுதான், எனக்கே தெரியும், எங்க வீட்டம்மாவுக்கு அத விட நல்லாத் தெரியும்" என்றதும் பேச்சு முடிந்தது. இமாமின் வேலையும் நீண்டது.

காரின் பின்பக்கத்தில் விழுந்த பள்ளத்தை அக்கா தட்டி எடுக்கவில்லை. "இந்த நூற்றாண்டுக்கு முஜத்தித் வந்தாச்சு. நம்ம பம்பர்தான்" என்று கணவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இமாம் காதில் விழுந்தபோது, "அஸ்தக்ஃபிருல்லாஹ், அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று கண்டித்துவிட்டு, திரும்பி நின்று சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மாடியில் பெண்கள் ஒரு வரிசைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தும் பெயிண்ட் வாசம் போகவில்லை. ஒலிபெருக்கியில் இமாம் பேசினார். தலைப்பு, வேறென்ன, தஜ்தீத். "புதுசா நான் ஒண்ணும் செய்யல" என்று அவர் சொன்ன இடத்தில் அக்கா, "கதவ இடிச்சத விட்டுட்டாரே" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டார்.

தொழுகை தொடங்கியது. சுஜூதுக்குப் போகும்போது அக்காவின் கழுத்து, பின் சீட்டுப் பழக்கத்தில், தானாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. தோள் போய்ப் பக்கத்துத் தோளில் இடித்தது. அப்போதுதான் உறைத்தது, எதிரில் சீட் இல்லை. கழுத்தை நேராக்கி, நெற்றியைத் தரையில் முழுதாக வைத்தார். மற்றவர்கள் எழுந்த பிறகுதான் எழுந்தார்.

தொழுது முடித்ததும், "என்னக்கா, இப்படி இடிச்சிட்டீங்க" என்றார் செயலாளர் மனைவி.

"ரிவர்ஸ்ல வந்தேன்ல."

கீழே சந்தில் ஹாரன் அடித்தது. அன்று ஓடிப்போய், மறுபடியும் பாடத்துக்கு வந்த பல் டாக்டர், காரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அஞ்சே நிமிஷம் டாக்டர்!" என்று கத்திவிட்டு, சாவகாசமாக மறுபடியும் உட்கார்ந்தார்.